வடிகட்டிய சூப்பும் வாய் திறக்காத பெட்டியும்

போன வாரம் பிரேக் அக்காவை நட்டநடு நாற்சந்தியில் விட்டுவிட்டு வந்தோம். டிரைவிங் ஸ்கூல் கார். ஸ்டியரிங்கில் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு பல் டாக்டர். பக்கத்து சீட்டில் கற்றுக்கொடுக்கும் அக்கா. திடீரென்று அவள் நெஞ்சுக்குள் யாரோ தடதடவென்று மாடிப்படி இறங்கி ஓட, தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை அவள் ஓங்கி மிதிக்க, பின்னால் வந்த வேன் வந்து முட்ட, பம்பர் தனியாகக் கழன்று சாலையில் உட்கார்ந்தது.

நமக்குத்தான் ஒரு வாரம். அவள் வீட்டில் அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

இதய டாக்டர் பார்த்தார். படம் எடுத்தார். உடம்பு பெருத்துப் பெருத்து, அதற்கு ரத்தம் இறைத்து இறைத்து, இதயத்தின் சுவர் தடித்துவிட்டது என்றார். இதயமே கொஞ்சம் பெரிதாகிவிட்டதாம்.

இதைக் கேட்ட நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள்: "பெரிய இதயமாமே! இத்தனை வருஷமா எங்களுக்கு ஒண்ணும் அப்படித் தெரியலையே!"

எடை இறங்காமல் இதயம் தேறாது. எடையோ அக்கா நடந்தும் இறங்கவில்லை, பட்டினி கிடந்தும் இறங்கவில்லை. இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேஷன்தான் வழி என்று முடிவானது. அதுவரை கார் சீட்டில் உட்கார்ந்து பாடம் எடுக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் வெறும் திரவ உணவு. ஒரு பருக்கைகூட உள்ளே போகக் கூடாது.

அந்த இரண்டு வாரம் நேற்றோடு முடிந்தது. இன்று சோதனை. எல்லாம் சரியாக இருந்தால் இன்றே சேர்த்துக்கொள்வார்கள், நாளை ஆபரேஷன்.

ஆகவே அந்த வீட்டில் இன்று காலை யாராலும் உட்கார முடியவில்லை.

அக்கா பையைக் கட்டினாள். அவிழ்த்தாள். செருப்பை எடுத்து வைத்தாள். சீப்பை வெளியே எடுத்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள், ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, அம்மா வெளியே எடுத்ததையெல்லாம் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் அடுப்படியில். பெரிய அலுவலகம் ஒன்றின் கேன்டீனில் அவர்தான் மாஸ்டர். ஒரு கட்டடமே அவர் கையால் சாப்பிட்டுப் பெருத்துக் கிடக்கிறது, அவர் மட்டும் கரண்டிக் காம்பு மாதிரி இருப்பார். சூப்பை ஒரு ஸ்டீல் டப்பாவில் ஊற்றி, மூடியை இரண்டு தடவை அழுத்தி, துணியால் துடைத்து மனைவி கையில் கொடுத்தார்.

"மதியத்துக்கு வச்சுக்கோ. ஆஸ்பத்திரியில எவ்வளவு நேரம் ஆகுமோ."

"நீங்க வரலையா?"

"கேன்டீன்ல இன்னிக்குப் பெரிய மீட்டிங். நான் இல்லைன்னா பசங்க உப்பைக் கொட்டிடுவாங்க."

"எனக்கு நாளைக்கு வயித்தை வெட்டப் போறாங்க. உங்களுக்கு உப்பு கவலை."

அவர் கரண்டியைக் கழுவினார். கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினார்.



சர்ஜன் அம்மா குட்டியாக, சுறுசுறுப்பாக இருப்பார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் மேஜைக்கு மேல் மூக்குக் கண்ணாடி மட்டும்தான் தெரியும். ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். இறக்கினார். மறுபடி பிடித்தார்.

அக்காவின் கால் மேஜைக்கு அடியில் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. பழக்கதோஷம். எங்கே எது கட்டுமீறிப் போனாலும், அவள் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடும்.

"ரெண்டு வாரமா என்ன சாப்பிட்டீங்க?"

"சூப். அப்புறம் நீங்க எழுதிக் குடுத்த பவுடர்."

"வேற?"

"தண்ணி."

"வேற?"

"டாக்டரம்மா, நீங்க மூணாவது தடவை கேட்டா நாலாவதா ஒண்ணு வந்துடாது."

சர்ஜன் சிரிக்கவில்லை. "எடை இறங்கவே இல்லை. அது கூடப் பரவாயில்லை. கல்லீரல் அப்படியே இருக்கு. அது இரைப்பை மேல போர்வை மாதிரி கிடக்கும். சின்ன ஓட்டை வழியா கருவியை விட்டு, அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் அடியில வேலை பார்க்கணும். கொழுப்பு ஏறின கல்லீரல் தூக்க வராது, தொட்டாலே ரத்தம் கசியும். அதைச் சுருக்கத்தான் அந்த ரெண்டு வாரம். உங்களுக்குச் சுருங்கலை."

"நான் ஒண்ணும் சாப்பிடலை."

"நான் நீங்க சாப்பிட்டீங்கன்னு சொல்லலையே."

சொல்லவில்லைதான். ஆனால் அறையில் இருந்த நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள், டயட்டீஷியன் பெண் தன் நகத்தைப் பார்த்தாள், பெற்ற மகள் அம்மாவின் கைப்பையைப் பார்த்தாள். அக்கா மூன்று பேரையும் பார்த்துக்கொண்டாள்.

"வீட்டுல யார் சமையல்?" என்றார் சர்ஜன்.

"எங்க வீட்டுக்காரர். அவர் தொழிலே அதுதான்."

டயட்டீஷியன் முகம் மலர்ந்தது. "ஆமா மேடம், அவர்கிட்ட நானே உட்கார வச்சுச் சொன்னேன். ரொம்ப நல்லாக் கேட்டுக்கிட்டார். தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார்."

"அப்ப சமையல்ல தப்பில்லை" என்று சர்ஜன் முடித்தார். அப்புறம் யாரிடம் தப்பு என்பதை அந்த அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பருமனான உடம்புக்கு ஒரு வசதி உண்டு. அதன் மேல் எந்தக் குற்றத்தைச் சுமத்தினாலும் சாட்சி கேட்க மாட்டார்கள்.

"உங்க இதயத்துக்காகத்தான் இந்த ஆபரேஷனே. எடை இறங்கினா பிரஷர் இறங்கும். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது குறையும். இதயத்துக்குச் சுமை குறையும். ஆனா உடம்பு தயாராகாம மேஜையில படுக்க வச்சா, முதல் அடி வாங்கப் போறதும் அதே இதயம்தான். புரியற மாதிரி சொல்றேனே, ஒரு சின்ன கார் இன்ஜின்..."

"லாரியை இழுக்குது. தெரியும். இதய டாக்டரும் அதையேதான் சொன்னார். நான் டிரைவிங் ஸ்கூல்னு தெரிஞ்சதும் எல்லாரும் என்கிட்ட இன்ஜினாவே பேசறீங்க."

இந்தத் தடவை சர்ஜன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதனால் இன்னும் வலித்தது. "தள்ளி வைக்கிறேன். பத்து நாள். மறுபடியும் இதே படம் வந்தா, இந்த ஆபரேஷன் உங்களுக்குச் சரிப்படாதுன்னு எழுதிடுவேன்."

அக்கா எழுந்தாள். சர்ஜன் விடவில்லை.

"நெஞ்சு இன்னும் துள்ளுதா?"

"எப்பவாவது."

"தினமும்" என்றாள் மகள்.

அக்கா மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு பேருந்தே நின்றிருக்கும்.



கீழ்த்தளத்தில் அவள் நெஞ்சில் வட்ட வட்டமாகப் பட்டை ஒட்டி, ஒயர் கோத்து, சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டியை இடுப்பில் மாட்டிவிட்டார்கள். நாளை காலை வரை கழற்றக் கூடாது. இதயம் என்ன செய்கிறதோ அத்தனையையும் அது பதிந்துகொண்டே இருக்கும். பெட்டியின் தலையில் ஒரு பொத்தான்.

ஒட்டுக்கேட்பதில் நம் தெருவில் பேர் எடுத்தவர்கள் பலர் உண்டு. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் நெஞ்சின் மேலேயே உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க ஒட்டுக்கேட்க யாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது!

"துள்ளினா இதை அழுத்துங்க" என்றாள் நர்ஸ். "அந்த நேரத்துல ஒரு குறி விழும். தலை சுத்தினா அழுத்திட்டு உடனே கிளம்பி வந்துடணும், சரியா?"

"குறி நிறைய விழுந்தா?"

"டாக்டர் பார்ப்பார். முதல்ல துடிப்பைச் சரி பண்ணிட்டுத்தான் மத்ததெல்லாம்."

"மத்ததுன்னா என் ஆபரேஷன்."

"அது டாக்டர்தான் சொல்லணும்மா."

அக்காவுக்கு அது போதும். பொத்தானை அழுத்தினால் ஆபரேஷன் இன்னும் தள்ளும். தள்ளிக்கொண்டே போனால் ஒரு நாள் இல்லை என்றே ஆகும். அவள் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தே அதைப் படித்துவிட்டாள் போல.

"நீங்க அழுத்தினாலும் அழுத்தாட்டாலும் அது பதிஞ்சுக்கிட்டேதாம்மா இருக்கும்."



கட்டிக்கொண்டு போன பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதைப் பார்க்க நாத்தனார் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ.

"என்ன அண்ணி, போன பை அப்படியே வருது?"

"பத்து நாள் தள்ளி வச்சிருக்காங்க."

"ஏனாம்?"

மகள் முந்திக்கொண்டாள். "கல்லீரல் சுருங்கலையாம் அத்தை."

"சுருங்கும், சுருங்கும். ராத்திரி முடியறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் கதவு டப்பு டப்புனு சாத்தினா எங்கேயிருந்து சுருங்கும்? மாடியில படுத்திருக்கிற எனக்கே கேட்குது." குரலைத் தாழ்த்தினாள், அதாவது பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி வைத்துக்கொண்டாள். "நான் அண்ணன்கிட்டே சொல்லலை அண்ணி. உங்க மானம் என் மானம் இல்லையா?"

அக்காவின் நெஞ்சுக்குள் யாரோ இரண்டு படி தாண்டிக் குதித்தார்கள். கை பெட்டியருகே போனது. பாதியிலேயே புடவைத் தலைப்பைச் சரிசெய்வது மாதிரி திரும்பிவிட்டது.

"ஃப்ரிட்ஜ் கதவா? நான் எழுந்திருக்கவே இல்லையே."

"தூக்கத்துல எழுந்து சாப்பிடறவங்க உண்டாம். படிச்சிருக்கேன்."

இதுதான் அக்காவை உள்ளே கடித்தது. பசியை அவள் பல்லைக் கடித்துத் தாண்டிவிட்டாள். வீட்டில் மற்றவர்கள் தட்டில் கரண்டி தட்டும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு படுத்தாள். கேலியும் பழகிவிட்டது. ஆனால் தன்னையே சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே! ஒருவேளை உண்மையிலேயே தூக்கத்தில்...?

"நான் ஆபீசுக்குப் போறேன்" என்றாள். "இங்கே இருந்தா எனக்கு நெஞ்சு நின்னுடும்."



டிரைவிங் ஸ்கூல் என்பது இரண்டு அறை. முன்னறையில் சுவர் முழுக்க சாலைக் குறிகள். பின்னறையில் ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மேஜை. ஒரு மாதமாக அக்காவின் ராஜ்யம் இந்த மேஜைதான். வெளியே ஸ்கூல் கார் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அவள் கால் மேஜைக்கு அடியில் மிதிக்கும். அந்த இடத்தில் தரைவிரிப்பே தேய்ந்துவிட்டது என்று மற்ற ஆசிரியர்கள் சிரிப்பார்கள்.

மகளும் கூடவே வந்துவிட்டாள். துணைக்கு என்று சொன்னாள்.

"அம்மா, சூப்பைக் குடிங்க. நேரமாச்சு."

"வேண்டாம். இனி தண்ணியைக் குடிச்சாலும் தின்னதாத்தான் கணக்கு." ஸ்டீல் டப்பாவை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

முன்னறையில் புதிதாகச் சேர்ந்த நாலு பேருக்குப் பாடம். "முந்தக் கூடாது" என்ற குறியைக் காட்டி அக்கா பேசிய பேச்சில், அந்த நாலு பேரும் வாழ்நாளில் யாரையும் முந்த மாட்டார்கள். நடுவே ஒரு தடவை பேச்சை நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொத்தானை அழுத்தவில்லை.

பாடம் முடிந்து பின்னறைக்கு வந்தால், மகள் அவளுடைய மேஜை இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். கையில் ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட். பாதி காலி.

"இது என்னம்மா?"

அக்கா பாக்கெட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"என் மேஜையைச் சோதனை போட்டியா?"

"இது என்னன்னு கேட்டேன்."

"அது பல் டாக்டரோடது."

மகள் சிரித்தாள். அழுகை வருவதற்கு முன் வருமே, அந்தச் சிரிப்பு. "பல் டாக்டர். க்ரீம் பிஸ்கட். உங்க இழுப்பறையில. அம்மா, பொய் சொன்னாலும் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லக் கூடாதா? நீங்க மாடிப்படி ஏறும்போது கீழே நின்னு மூச்சை எண்ணிக்கிட்டிருக்கேன் நான். ராத்திரி உங்க மூச்சு நின்னுதுன்னா எழுந்து வந்து தொட்டுப் பார்க்கறேன். நீங்க இதைத் தின்னுக்கிட்டு..."

"நான் தொடலைடி!"

"அப்ப கல்லீரல் காத்தைத் தின்னு கொழுத்துச்சா?"

  இந்த மாதிரி நேரத்தில் உண்மை எவ்வளவு அசிங்கமாகத் தோற்றுப் போகிறது பாருங்கள்.

கதவில் ஒரு தட்டல். எட்டிப் பார்த்தது, சாட்சாத் பல் டாக்டர். முழுக்கை சட்டை, பளிச்சென்ற பல்வரிசை.

"மேடம், சாரி. நேத்து கிளாஸ் முடிஞ்சு..." மகள் கையில் இருந்ததைப் பார்த்தார். முகம் சிவந்தது. "அது... என்னோடது. கிளினிக்ல வச்சா நர்ஸ் சிரிக்கிறாங்க. பேஷண்ட் யாராவது பார்த்துட்டா தொழிலே போச்சு. அதான் மேடம்கிட்டே ஒளிச்சு வைக்கச் சொன்னேன்."

பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, இந்த விஷயம் வெளியே போகாது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாக உறுதி வாங்கிக்கொண்டு போனார். (போகாது டாக்டர், போகாது.)

 ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"சாரிம்மா" என்றாள் மகள்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"சாரிம்மா. நிஜமா. நான் வேணும்னா உங்க கால்ல..."

"காலெல்லாம் வேண்டாம். வீங்கிக் கிடக்கு, எதுன்னு தேடிப் பிடிக்கணும்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "முதல்ல சூப்பைக் குடிங்க. சுட வச்சுத் தரேன்." மூடியை நெம்பித் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா. இங்கே வாங்க."

டப்பாவுக்குள் சூப் தெரியவில்லை. மேலே வெள்ளை வெளேரென்று ஒரு படலம். உருக்கி ஊற்றிய மெழுகு மாதிரி விளிம்பு வரை இறுகிக் கிடந்தது. மகள் ஸ்பூனால் தட்டினாள். டொக்கென்றது. அழுத்தினாள். கட்டி இரண்டாகப் பிளந்து, அடியிலிருந்து பொன்னிறத்தில் சூப் எட்டிப் பார்த்தது.

அக்கா ஒரு துண்டை விரலால் எடுத்துத் தேய்த்தாள். விரல் பளபளத்தது. மோந்து பார்த்தாள்.

"வெண்ணெய்" என்றாள்.

இரண்டு வாரம். வேளைக்கு வேளை. சுடச்சுட இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் கலந்து, அமிர்தம் மாதிரி தொண்டையில் இறங்கி. நோயாளிச் சாப்பாட்டையே இவ்வளவு ருசியாக வைக்கிறாரே, இந்த மனுஷன் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும் என்று அவளே போன வாரம் சொன்னாள்.

இந்தத் தடவை நெஞ்சு துள்ளவில்லை. கல் மாதிரி கனத்தது. அதற்குப் பொத்தான் இருக்கிறதா என்று அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.



மாஸ்டர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சாப்பாட்டு மேஜை நடுவில் ஸ்டீல் டப்பா, மூடி இல்லாமல். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மகள். பஞ்சாயத்து வாசனை பிடித்து இறங்கி வந்த நாத்தனார் மூன்றாவது நாற்காலியில். பை நடுக்கூடத்தில் கிடந்தது.

பையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. அக்கா அதைக் கவனித்தாள். நிம்மதி மாதிரி இருந்தது. இடுப்பில் அது என்ன பெட்டி என்று அவர் கேட்டதற்கு, தலை சுற்றினால் அதன் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மகள் சொன்னாள்.

"குடிக்கலையா? ஆறிப்போச்சே. சூடு பண்ணித் தரட்டுமா?"

"மேலே வெள்ளையா இருக்கே, அது என்ன?"

"ஆறினா அப்படித்தான்."

"தண்ணி ஆறினா இப்படி ஆகறதில்லையே அப்பா" என்றாள் மகள். "என்ன போட்டீங்க?"

மாஸ்டர் நிமிர்ந்தார். சமையலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு முதுகு தானாக நிமிரும். "எலும்பு. மஜ்ஜையோட. ராவெல்லாம் சிம்ல வச்சுடுவேன். விடியறதுக்கு முன்னாடி எழுந்து வெண்ணெய். இறக்கும்போது கொஞ்சம் க்ரீம். மஞ்சள் கரு ரெண்டு, அடிச்சு ஊத்தினா தெரியவே தெரியாது."

நாத்தனார் வாயில் கை வைத்தாள். "விடியறதுக்கு முன்னாடியா? அப்ப அந்த ஃப்ரிட்ஜ் கதவு... அண்ணே, அது நீயா? நான் அண்ணியைப் போய்..."

"நீ வாயை மூடு" என்றார்கள் மூன்று பேரும்.

"அவங்க திரவமா குடுக்கச் சொன்னாங்க" என்றார் மாஸ்டர். "நான் ஒரு துணுக்கு திடமா குடுத்திருப்பேனா? மூணு தடவை துணியில வடிகட்டியிருக்கேன். கொண்டு போய் எந்த லேபுல வேணா குடுங்க, ஒரு தூசி இருந்தா என் கரண்டியைக் கீழே வச்சுடறேன்!"

மகளுக்குத் தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தண்ணீராக இருந்தால் போதும், கொழுப்பு பற்றி யார் கேட்டார்கள் என்று இரண்டு வாரம் ஒரு மனுஷன் வடிகட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"டயட்டீஷியன் உங்களை உட்கார வச்சுச் சொன்னாளாமே. வெண்ணெய் கூடாது, க்ரீம் கூடாதுன்னு சொன்னாளா, இல்லையா?"

அவர் டப்பாவைப் பார்த்தார்.

"என்னைப் பாருங்க. சொன்னாளா?"

"சொன்னா."

"அப்புறம்?"

"முதல் நாள் அவ சொன்ன மாதிரிதான் வச்சேன். கழனித்தண்ணி மாதிரி இருந்துச்சு. அதை உன் கையில குடுக்க எனக்குக் கை வரலை. ஆபரேஷனுக்குப் போறவளுக்குத் தெம்பு வேண்டாமான்னு துளி வெண்ணெய் போட்டேன். அவ்வளவுதான் நினைச்சேன்." நிறுத்தினார். நின்றபடியே மேஜை விளிம்பைத் தேய்த்தார். "அப்புறம் மயக்க மருந்து டாக்டர்கிட்ட கேட்டேன், இதயம் இப்படி இருக்கறவளுக்கு ஒண்ணும் ஆகாதில்லையான்னு. ஆபத்து கம்மிதான்னார். கம்மின்னா? இல்லைன்னு சொல்லலையே. எடை இறங்கலைன்னா தேதி தள்ளும்னு அவர்தான் பேச்சுவாக்கில சொன்னார்."

"தெரிஞ்சுதான் போட்டீங்க."

"நாளைக்கு நீ அந்த மேஜையில படுத்து எந்திரிக்கலைன்னா நான் யாருக்குச் சமைக்கறது?"

நாத்தனாரே கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மெதுவாக எழுந்தாள். "ரெண்டு வாரமா எல்லாரும் என்னைத் திருடி மாதிரி பார்த்தாங்க. பெத்த பொண்ணு என் மேஜையைக் குடைஞ்சா. நானே என்னைச் சந்தேகப்பட்டேன். நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டு, பேசாம இருந்தீங்க." மூச்சு வாங்கியது. "பயம் எனக்கு இல்லையா? மேஜையில போனா ஒரு நாள்ல போவேன். இப்படியே இருந்தா தினம் கொஞ்சமா போறேன், அது உங்க கண்ணுக்குத் தெரியலை. பிரேக் போடறது என் தொழில். என் வண்டியில எனக்குத் தெரியாம இன்னொரு பிரேக்கை மாட்ட உங்களுக்கு யார் சொன்னது?"

சொல்லி முடிக்கவில்லை. நெஞ்சுக்குள் அந்த ஆள் மறுபடி படியிறங்கி ஓட ஆரம்பித்தான். ஒருவன் இல்லை, ஒரு கும்பலே. மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டப்பா மிதந்தது. அவள் நாற்காலி முதுகைப் பிடித்தாள். இன்னொரு கை இடுப்புப் பெட்டிக்குப் போனது. பொத்தான் மேல் விரல் பட்டது. அங்கேயே நின்றது. அழுத்தவில்லை. கையை எடுத்துவிட்டாள்.

மாஸ்டர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜையைச் சுற்றி ஓடி வந்தார். ஒரு கையால் அவளைத் தாங்கினார். இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினார். பீப் என்று ஒரு சின்னச் சத்தம்.

மகள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாத்தனார் செருப்பைத் தேடினாள், தனக்கு. பையை யார் தூக்கினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை, அது காரில் ஏறிவிட்டது.

மகள் ஓட்டினாள். அம்மாவிடம் கற்ற கை. பின் சீட்டில் அக்கா, பக்கத்தில் மாஸ்டர், அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியதும் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"ஏன் அழுத்தினீங்க?"

"தலை சுத்தினா அழுத்தணும்னு நம்ம பாப்பா சொன்னா."

"குறி விழுந்தா ஆபரேஷன் நின்னு போகும்னும் சொல்லியிருப்பாளே."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"எனக்காக அழுத்தினீங்களா, அதுக்காகவா?"

அவள் இடுப்பில் பெட்டி தன் பாட்டுக்குப் பதிந்துகொண்டிருந்தது. அவள் நெஞ்சில் ஓடுவதையெல்லாம் அது நாளை டாக்டரிடம் கொட்டிவிடும். பக்கத்தில் இருப்பவர் நெஞ்சில் ஓடுவதைப் பதிய யார் இன்னொரு பெட்டி மாட்டினார்கள்?

முன்னால் விளக்கு சிவப்புக்கு மாறியது. அக்காவின் கால் தானாகக் கீழே போய் ஓங்கி மிதித்தது.

பின் சீட்டில் பிரேக் கிடையாது.